கன்வெர்ட்டிபிள் காரின் கூரைக்கு ரிமோட் மாட்யூல் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்விசையால் மடியும் கூரை கொண்ட காரைப் பிறர் ஓட்டிய பழைய காராக வாங்கியவர்களுக்கு, கூரை முழுவதும் மடியும்வரை சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது சில வாரங்களிலேயே சலிப்பைத் தருகிறது. அந்தச் சலிப்பைத் தீர்ப்பதற்காகவே, காரைத் தயாரித்த நிறுவனம் அல்லாத பிற நிறுவனங்கள் ரிமோட் மாட்யூல்களை விற்கின்றன. அவற்றைப் பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுக்காகப் பெரும்பாலும் நான்கு கார்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்: பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் இ93 (2007 முதல் 2013 வரை), பிஎம்டபிள்யூ இசட்4 இ89 (2009 முதல் 2016 வரை), போர்ஷே பாக்ஸ்டர் 986 (1996 முதல் 2004 வரை), மாஸ்டா எம்எக்ஸ்-5 மூன்றாம் தலைமுறையில் 2006இல் வெளிவந்த மின்விசைக் கடினக் கூரை வகை. இவை நான்கும் ஒன்றுக்கொன்று போதிய அளவு வேறுபட்டவை என்பதால், உங்கள் கார் வேறொன்றாக இருந்தாலும் இவற்றில் ஏதேனும் ஒன்றின் இயல்பை அது ஒத்திருக்கும்.

இந்த மாட்யூல் உண்மையில் என்ன செய்கிறது?

கூரையின் மோட்டாரையோ ஹைட்ராலிக் பம்பையோ அது தொடுவதில்லை. உங்கள் விரல் செய்யும் வேலையை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. பழைய கார்களில், சுவிட்சிலிருந்து கூரைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் வயரின் நடுவே அமர்ந்து, சுவிட்ச் அழுத்தப்பட்டிருப்பதைப் போன்ற நிலையை அது ஏற்படுத்துகிறது. சற்றுப் புதிய கார்களில் இந்தத் தகவல் கேன் எனப்படும் தொடர்பு வழியில் பயணிக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி 1986இல் வெளியிட்ட இந்த முறையில், காரின் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஒரே இணை வயரில் செய்தி அனுப்பி, ஒன்றின் செய்தியை மற்றொன்று கேட்டுக்கொள்கின்றன. இ93இன் உடற்பகுதி மின்னணுவியல் நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் இவ்வாறு பேசிக்கொள்கிறது. சாவியில் திறக்கும் பட்டன் அழுத்தப்பட்டது, வண்டி நிற்கிறது, டிக்கி மூடியிருக்கிறது என்ற செய்திகள் எல்லாம் அந்த வயரிலேயே ஓடுகின்றன. மாட்யூல் அவற்றைக் கேட்டு, சாவியின் பட்டன் குறிப்பிட்ட முறையில் அடுத்தடுத்து அழுத்தப்பட்டால், கூரையைத் திறக்கும் கட்டளையைத் தானே உருவாக்குகிறது. தனி ரிமோட் இல்லாமல் காரின் சொந்தச் சாவியாலேயே கூரை இயங்குவது இப்படித்தான்.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூரை இயங்கலாமா கூடாதா என்ற இறுதி முடிவை எடுப்பது இப்போதும் காரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். டிக்கிக்குள் சாமான்களையும் மடிந்த கூரையையும் பிரிக்கும் தடுப்புத் திரை இறக்கப்படாவிட்டால் இ89இன் கூரை சுவிட்சுக்கும் மடியாது, மாட்யூலுக்கும் மடியாது.

அப்படியானால் தயாரிப்பாளரே ஏன் ஒரே அழுத்தத்தில் இயங்கும்படி செய்யவில்லை?

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படையான கேள்வி இது. சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சிக்கனத்தின் விளைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. கூரை நகரும் 20 நொடிகளில் ஏதேனும் தவறாகத் தெரிந்தால் மனிதன் முதலில் செய்வது விரலை எடுப்பதுதான், விரலை எடுத்தால் கூரை நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. சுவிட்சில் விரல் இருக்கும்வரை ஓட்டுநர் காருக்குள் இருப்பார், கவனமும் கூரையின் மீதே இருக்கும்.

ஜன்னல் கண்ணாடிகளுக்குத் தடை பட்டால் தானாகப் பின்வாங்கும் அமைப்பு உண்டு. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. 21ஆம் விதிமுறையும் அமெரிக்காவின் 118ஆம் எண் பாதுகாப்புத் தரநிலையும், தானாக மூடும் கண்ணாடி 100 நியூட்டன் விசைக்கு மேல் நெருக்குவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்கின்றன. ஆனால் மடிகூரையின் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், டிக்கி மூடி வந்து அமரும் விளிம்பில், முன்கண்ணாடிச் சட்டத்தில் கூரை பூட்டிக்கொள்ளும் இடத்தில், அப்படிப்பட்ட உணர்திறன் இருக்கிறது என்று நம்பி நடக்கக் கூடாது. பல பத்துக் கிலோ எடையுள்ள பலகைகளைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குக் குழந்தையின் விரல் ஒரு தடையாகவே தெரியாது.

ஆகவே மாட்யூல் பொருத்துபவர் தம் வசதிக்காக ஒரு காவலை நீக்குகிறார் என்பதை அறிந்தே நீக்க வேண்டும். நீக்கப்பட்ட காவலுக்குப் பதிலாக என்ன வைக்கப்படுகிறது என்பதே ஒரு மாட்யூலின் தரத்தை அளக்கும் அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. இயக்கம் நடந்துகொண்டிருக்கும்போது சாவியின் எந்தப் பட்டனை அழுத்தினாலும், அல்லது கூரைச் சுவிட்சைத் தொட்டாலும், அந்த நொடியிலேயே கூரை நிற்க வேண்டும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. பொருத்திய அன்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியதும் இதுவே.

என் காரில் இந்த வசதி ஏற்கெனவே இருக்குமா?

இருக்கக்கூடும், அதனால் பணம் செலவழிப்பதற்கு முன் காரின் கையேட்டை ஒரு முறை முழுவதும் படியுங்கள். இ93இல் கம்ஃபர்ட் ஆக்சஸ் என்ற கூடுதல் வசதியுடன் வாங்கப்பட்ட கார்களில், காரின் அருகில் நின்று சாவியின் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தாலே கூரை இயங்கும். மெர்சிடிஸ் எஸ்எல்கே ஆர்171இல், ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியை நோக்கிச் சாவியை நீட்டி இன்ஃப்ரா ரெட் கதிர் வழியாகக் கூரையைத் திறக்கும் ஏற்பாடு உண்டு. இரண்டிலும் விரலை எடுத்தால் கூரை நின்றுவிடும் என்பதையும், இரண்டும் அருகில் நிற்பவருக்கு மட்டுமே இயங்கும் என்பதையும் கவனியுங்கள். தயாரிப்பாளர்கள் ரிமோட் வசதியைத் தந்தபோதும் மேலே சொன்ன கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லா வகைக் கூரைகளுக்கும் ரிமோட் பொருந்துமா?

பொருந்தாது. தொடக்கம் முதல் முடிவு வரை எந்த இடத்திலும் மனிதக் கை தேவைப்படாத கூரைக்குத்தான் வெளியிலிருந்து இயக்கும் ரிமோட் முழுப் பயன் தரும். இ93, இ89 இரண்டும் அத்தகையவை.

எம்எக்ஸ்-5 கடினக் கூரை 12 நொடிகளில் மடிந்துவிடும். ஆனால் முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவே உள்ள கொக்கியை முதலில் கையால் விடுவிக்க வேண்டும். மூடிய பின்னரும் அதைக் கையால்தான் பூட்ட வேண்டும். எனவே அந்தக் காரில் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து கூரையை மூடினால், அது பூட்டப்படாத கூரையாகவே நிற்கும். ஒரே அழுத்தத்தில் இயங்கும் வசதி மட்டும் அதற்குப் பயன்படும். அதற்காகப் பணம் செலவழிப்பது தகுமா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

பாக்ஸ்டர் 986இன் நிலை இன்னும் கவனத்துக்குரியது. அதன் துணிக்கூரைக்கும் முன்னால் கைக்கொக்கி உண்டு. அதோடு 2002 மாடல் வரையிலான கார்களில் பின்கண்ணாடி உண்மையான கண்ணாடி அல்ல. மடிந்து சுருளும் பிளாஸ்டிக் தகடு. வெயிலில் பழுத்து விறைத்துப்போன அந்தத் தகடு தானாகச் சரியான இடத்தில் மடியாது. கூரையைப் பாதி வழியில் நிறுத்தி, இறங்கிச் சென்று, உள்ளங்கையின் விளிம்பால் நடுவில் மென்மையாகத் தட்டி மடிப்பை ஏற்படுத்திய பின்பே தொடர வேண்டும் என்பதை அந்தக் காரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். குளிர்காலத்தில் அதைக் கட்டாயப்படுத்தி மடித்தால் தகடு குறுக்கே விரிசல் விடும். அத்தகைய கூரையை இடையில் நிற்காமல் ஒரே மூச்சில் மடியச் செய்வது கேடு. 2003 மாடலில் கண்ணாடி வந்த பிறகு இந்தச் சிக்கல் இல்லை.

பொருத்துவதற்கு முன் கூரையில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மாட்யூல் எந்தப் பழுதையும் சரிசெய்யாது. சுவிட்சால் இயக்கும்போது கூரை தயங்குகிறது, ஒருபுறம் முந்துகிறது, கடைசியில் பூட்டுவதற்கு இரண்டாம் முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால், முதலில் அந்தப் பழுதைத் தீர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வரும் எந்தக் கோளாறுக்கும் காரணம் கூரையா மாட்யூலா என்று பிரித்தறிய முடியாமல், பட்டறையில் மணிக்கணக்கில் கூலி கொடுக்க நேரிடும்.

எல்லாவற்றுக்கும் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஹைட்ராலிக் பம்ப் இயங்கும்போது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. எஞ்சின் ஓடாமல் ரிமோட்டால் இயக்கும்போது அந்தச் சுமை முழுவதும் பேட்டரியின் மேல் விழுகிறது. வயதான பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கூரையைப் பாதியில் நிறுத்திவிடும். சுவிட்சை வைத்து எஞ்சின் ஓடும்போது மட்டுமே கூரையைத் திறந்து பழகியவர்களுக்கு, பேட்டரியின் பலவீனம் ரிமோட் வந்த பிறகே வெளிப்படுகிறது.

அடுத்தது ஹைட்ராலிக் எண்ணெய். சிலிண்டர்களின் சீல்கள் ஆண்டுகளில் இற்றுப்போகும். டிக்கியின் உட்புற உறையில் எண்ணெய்க் கறையோ, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் பிசுபிசுப்போ தெரிந்தால் அது கசிவின் அறிகுறி. பிறகு நீர் வடியும் துளைகள். இ89க்கு முந்தைய இசட்4 ஆன இ85இல் கூரையின் பம்ப் மோட்டார், கூரை மடிந்து தங்கும் குழியின் ஓரத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. வடிகுழாய் இலை தழைகளால் அடைபட்டதும் மழைநீர் அங்கே தேங்கி மோட்டாரை மூழ்கடித்துவிடும். அந்தக் காருக்கு மாட்யூல் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் வடிகுழாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும். ரப்பர் பீடிங்குகளுக்கு உரிய உயவுப் பொருளைத் தடவுவதும், கூரையின் நிலையை அறிவிக்கும் சிறு சுவிட்சுகள் சரியாகச் செய்தி தருகின்றனவா என்பதைப் பழுது கண்டறியும் கருவியால் பார்ப்பதும் அரை நாள் வேலைதான்.

எத்தகைய மாட்யூலை வாங்கலாம்?

வயரை வெட்டாமல் பொருத்தக்கூடியதை வாங்குங்கள். காரின் கனெக்டரைக் கழற்றி, நடுவே ஓர் இணைப்பு வயரைச் செருகி, மாட்யூலை அதில் மாட்டும் முறை பல கார்களுக்குக் கிடைக்கிறது. ஸ்மார்ட்டாப் என்ற பெயரில் மாட்ஸ்4கார்ஸ் நிறுவனம் விற்கும் மாட்யூல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. விலை சில நூறு டாலர் ஆகும். இவற்றில் யூஎஸ்பி வழியாக மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியும், தேவைப்படும்போது மாட்யூலை முழுவதும் உறங்கவைக்கும் வசதியும் இருக்கின்றன. இரண்டாவது வசதி சாதாரணமாகத் தோன்றலாம், ஆனால் கோளாறு ஏற்படும் நாளில் அதன் அருமை தெரியும்.

மிக மலிவாகக் கிடைக்கும் பொதுவான ரிலே பெட்டிகளையும், அவற்றோடு வரும் தனி ரிமோட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை சுவிட்ச் வயரை வெட்டி இணைக்கச் சொல்கின்றன. வண்டியின் வேகமோ டிக்கியின் நிலையோ அவற்றுக்குத் தெரியாது. அவற்றில் பல, ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புபவை. அந்தக் குறியீட்டைப் பதிவுசெய்து திரும்ப அனுப்பும் எவரும் உங்கள் காரின் கூரையைத் திறந்துவிட முடியும். காரின் சொந்தச் சாவி ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீட்டை மாற்றுகிறது, அந்தப் பாதுகாப்பை இழக்க ஒரு காரணமும் இல்லை.

கட்டளை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு நீண்ட அழுத்தத்தால் இயங்கும் அமைப்பில், சட்டைப்பையில் சாவி நசுங்கினாலே கூரை திறந்துகொள்ளும். குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டும் என்ற அமைப்பு அதைவிட நல்லது.

நானே பொருத்திக்கொள்ளலாமா?

காரின் உட்புற உறைகளை உடைக்காமல் கழற்றத் தெரிந்தவர், செருகு கனெக்டர் வகை மாட்யூலைத் தாமே பொருத்தலாம். பல கார்களில் கூரைக் கட்டுப்பாட்டுப் பெட்டி டிக்கியின் பக்க உறைக்குப் பின்னாலோ, இருக்கைகளுக்குப் பின்னுள்ள பகுதியிலோ இருக்கிறது. சிலவற்றில் நடுக் கன்சோலின் சுவிட்ச் பகுதியைத் திறந்தால் போதும். மாட்யூலுடன் வரும் வழிமுறை எந்த ஆண்டு மாடலுக்கு, இடப்பக்க ஸ்டியரிங்குக்கா வலப்பக்க ஸ்டியரிங்குக்கா என்பதைக் கட்டாயம் ஒப்பிடுங்கள், ஏனெனில் பெட்டியின் இடமும் வயரின் நீளமும் மாறக்கூடும்.

வேலையைத் தொடங்கும் முன் கூரையை முழுவதும் மூடிப் பூட்டிய நிலையிலோ முழுவதும் திறந்த நிலையிலோ நிறுத்துங்கள்; இடைப்பட்ட நிலையில் கனெக்டரைக் கழற்றினால், ஹைட்ராலிக் அழுத்தம் தளர்ந்து பலகை மெல்லக் கீழே இறங்கலாம். பிறகு சாவியை எடுத்துவிட்டு, காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ இ9 வரிசைக் கார்களில் இதற்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அவசரப்பட்டு விழித்திருக்கும் நிலையிலேயே கனெக்டரைப் பிடுங்கினால் பல பெட்டிகளில் பிழைக் குறிப்புகள் பதிவாகிவிடும்.

இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் அதன் அடியிலுள்ள மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக் சார்ந்தது என்பதை மறவாதீர்கள். பேட்டரியின் இணைப்பை நீக்கிச் சிறிது நேரம் கழித்தே அதைத் தொட வேண்டும். அது கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கருவி வைத்து அழித்தாலன்றி அணையாது.

மாட்யூலையும் புதிய வயரையும் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கூரையின் கைகள் நகரும் பாதையில் எந்த வயரும் தொங்கக் கூடாது. பஞ்சு நாடா சுற்றி, காரின் ஏற்கெனவே உள்ள வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். நீர் தேங்க வாய்ப்புள்ள தரைப்பகுதியில் மாட்யூலை வைக்காதீர்கள். உறைகளைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே, ஒருவர் சுவிட்சருகே நிற்க, மற்றொருவர் வயர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, கூரையைச் சில முறை திறந்து மூடிச் சோதியுங்கள்.

வண்டி ஓடும்போது கூரையை இயக்கலாமா?

மாட்யூல்கள் பெரும்பாலும் இந்த வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்கின்றன. தயாரிப்பாளர்களே சில கார்களில் இதை அனுமதித்திருக்கிறார்கள். பாக்ஸ்டரின் அடுத்த தலைமுறையான 987 மணிக்கு 50 கி.மீ. வரை அனுமதித்தது. இ89 தொடக்கத்தில் நின்ற நிலையில் மட்டுமே 20 நொடிகளில் மடிந்தது, 2013 புதுப்பிப்புக்குப் பிறகு மணிக்கு 40 கி.மீ. வரை இயங்கியது. இ93க்கு நின்ற நிலை மட்டுமே.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. துணிக்கூரை இலேசானது, காற்று அதை அதிகம் திருகாது. மூன்று துண்டு எஃகுப் பலகைகளாலான இ93இன் கூரை, நிமிர்ந்து நிற்கும் இடைப்பட்ட கணத்தில் பாய்மரம் போலக் காற்றை வாங்கும்; அந்த விசை முழுவதையும் கீல்களும் சிலிண்டர்களும் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் டிக்கி மூடி பின்புறமாகத் திறப்பதால், அதில் அமைந்திருக்கும் பின்விளக்குப் பகுதியும் சாய்ந்துவிடுகிறது, ஓட்டுநருக்குப் பின்பார்வையும் மறைகிறது. சிக்னலில் நிற்கும்போது தொடங்கிய இயக்கத்தை, பச்சை விழுந்ததும் மெதுவாக நகர்ந்தபடி முடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். மாட்யூலின் வேக வரம்பை இயன்ற அளவு குறைவாக அமைத்துவிடுங்கள்.

பாக்ஸ்டர் 986இல் ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டிருந்தால்தான் கூரை இயங்கும். அந்தச் செய்தியைத் தரும் வயரை நிரந்தரமாக இணைத்துவிட்டு, ஓடும்போது கூரையை இயக்குபவர்கள் இருக்கிறார்கள். இது மாட்யூலைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மாட்யூல் வேகத்தைப் பார்த்து மறுக்கும். அவ்வாறு இணைக்கப்பட்ட கார் எந்த வேகத்திலும் சம்மதிக்கும்.

எவ்வளவு தூரத்திலிருந்து இயக்கலாம்?

சாவியின் அலை எவ்வளவு தூரம் சென்றாலும், கூரையையும் அதைச் சுற்றி நிற்பவர்களையும் தெளிவாகப் பார்க்க முடிகிற தூரத்துக்கு மேல் இயக்கக் கூடாது. அமெரிக்காவின் 118ஆம் எண் தரநிலை இதற்கு ஓர் அளவைத் தருகிறது. தடை பட்டால் பின்வாங்கும் அமைப்பு இல்லாத மின்விசை ஜன்னலை ரிமோட்டால் மூட வேண்டுமானால், பட்டனை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும், 6 மீட்டருக்கு அப்பால் அது இயங்கவே கூடாது. பார்வை மறைந்தால் செயலற்றுப்போகும் வகை ரிமோட்டுக்கு மட்டும் 11 மீட்டர் வரை இடம் தரப்பட்டிருக்கிறது. அந்தத் தரநிலையில் கூரைப் பலகை என்று வரையறுக்கப்பட்டவற்றுள் கன்வெர்ட்டிபிள் மடிகூரை அடங்காது. ஆயினும் கூரையோடு சேர்ந்து ஏறி இறங்கும் கண்ணாடிகள் அதே கண்ணாடிகள்தான், அவற்றின் அருகே வரும் கைகளும் அதே கைகள்தான். எனவே 6 மீட்டர் என்பதை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்வது நல்லது. வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து கீழே நிற்கும் காரின் கூரையை மூடும் பழக்கத்தை யாரும் கைக்கொள்ளக் கூடாது.

கூரை மடியும்போது மேலேயும் பின்னேயும் எவ்வளவு இடம் தேவை என்பதைத் திறந்த வெளியில் ஒரு முறை நீங்களே அளந்துகொள்ளுங்கள். தாழ்வான மேற்கூரையுள்ள வாகன நிறுத்தங்களில் கூரைப் பலகை கான்கிரீட்டில் மோதினால், அந்தச் செலவு மாட்யூலின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். இ93இன் டிக்கியில் கூரை மூடியிருக்கும்போது 350 லிட்டர் இடம் உண்டு, மடிந்த பிறகு 210 லிட்டர்தான் எஞ்சும். தடுப்புத் திரைக்கு மேல் பையைத் திணித்து வைத்துவிட்டு வெளியிலிருந்து பட்டனை அழுத்தினால், நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகே உங்களுக்குத் தெரியவரும்.

மழை வந்தால் தானாக மூடும்படி செய்யலாமா?

இந்த ஆசை புதியதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1951இல் காட்சிக்கு வைத்த லெ சாபர் என்ற மாதிரிக் காரிலேயே, ஈரத்தை உணர்ந்து கூரையைத் தானாக உயர்த்தும் ஏற்பாடு இருந்தது. இருந்தும் ஆளில்லாத காரில் அதை இணைக்க வேண்டாம் என்றே சொல்வேன். திறந்த காரின் இருக்கையில் ஒரு பூனை உறங்கலாம், பக்கத்துக் காருக்குரியவர் சாய்ந்து நிற்கலாம். யாரும் பார்க்காத நேரத்தில் கூரை நகரக் கூடாது. அதோடு நனைந்த துணிக்கூரையை மடித்துவைப்பது பூஞ்சைக்கும் கறைக்கும் வழி வகுக்கும் என்பதால், மழை நின்றதும் ரிமோட்டால் உடனே திறப்பதையும் தவிர்க்க வேண்டும். கடுங்குளிரிலும் கூரையை இயக்கக் கூடாது. பிஎம்டபிள்யூ தன் கையேடுகளில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இயக்க வேண்டாம் என்கிறது.

மாட்யூல் பேட்டரியைத் தின்றுவிடுமா?

நல்ல மாட்யூல், கார் உறங்கும்போது தானும் உறங்கிவிடும். தீங்கு செய்வது தானும் உறங்காமல், கேன் வழியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்து மற்றப் பெட்டிகளையும் விழிக்கவைக்கும் மாட்யூல்தான். பொருத்துவதற்கு முன்பும் பின்பும், கார் முழுவதும் உறங்கிய பிறகு பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை மீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடையே சில மில்லிஆம்பியர் மட்டுமே வேறுபாடு இருந்தால் கவலையில்லை. நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் மாட்யூலைக் கழற்றித் திருப்பி அனுப்புங்கள்.

கூரை பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துவதை நிறுத்துங்கள். எஞ்சினை இயக்கிப் பேட்டரிக்குத் துணை கொடுத்து, டிக்கித் திரையையும் வழியில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, காரின் சொந்தச் சுவிட்சைப் பிடித்து இயக்கிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் மாட்யூலை உறங்கவைத்தோ, கனெக்டரைக் கழற்றிப் பழைய இணைப்பை நேரடியாக மாட்டியோ மீண்டும் முயலுங்கள். அதன் பிறகும் நகராவிட்டால் கோளாறு கூரையில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். கையேட்டில் உள்ள அவசர மூடல் முறையை, அது தேவைப்படும் நாளுக்கு முன்பே படித்துவையுங்கள். அதற்கான கருவி டிக்கியின் கருவிப் பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கார்களில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

வாரண்டி, சட்டம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் நிலை என்ன?

அமெரிக்காவில் 1975இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளியார் பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஜெர்மனியில் வாகன அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவு, பிற சாலைப் பயனர்களுக்கு ஆபத்து நேரக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க மாற்றம் செய்யப்பட்டால் இயக்க அனுமதியே காலாவதியாகும் என்கிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் மாட்யூலின் மேல், மின்காந்த இடையூறு பற்றிய ஐ.நா. 10ஆம் விதிமுறைக்கு உட்பட்டது என்பதைக் காட்டும் வட்டத்துக்குள் அமைந்த இ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களது பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சர்வீஸுக்கு விடும்போதோ விற்கும்போதோ கழற்றிவிட வேண்டுமா?

கழற்ற வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. மாட்யூல் இருப்பது தெரியாத மெக்கானிக், வாகனத்தைப் பூட்ட வேண்டிச் சாவியை இரண்டு முறை அழுத்தும்போது தலைக்கு மேல் லிஃப்டின் கம்பி இருக்கலாம். சர்வீஸுக்கு விடும் முன் மாட்யூலை உறங்கவைத்துவிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் ஏற்றப்போகிறார்கள் என்றால் கனெக்டரையே கழற்றிவிடுவது நல்லது. விற்கும்போது வாங்குபவருக்கு வழிமுறைத் தாளையும், அமைப்புகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்ற குறிப்பையும் கொடுங்கள். இயக்கத்தை நடுவில் நிறுத்துவது எப்படி என்பதை அவரையே ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லிவிட்டுச் சாவியை ஒப்படையுங்கள்.